யாருக்குக் கதிர்வீச்சு? முற்றிய நுரையீரல் புற்றுநோயும் நம் ஊர்க் குடும்பங்களும்

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்திய மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் மருத்துவம் பற்றிப் பேச வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, ஒரு கோப்பினையும் என் கையில் தந்தார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து மருத்துவ உதவி வேண்டி அறக்கட்டளைக்கு வந்த விண்ணப்பங்கள் அதில் இருந்தன. அவற்றுள் சில நுரையீரல் புற்றுநோய் பற்றியவை. ஏறத்தாழ அவை அனைத்திலும் ஒரே வாசகம் காணப்பட்டது: “கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள், உதவி செய்யுங்கள்.” கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் இட்டுள்ள பெயர்தான் ‘கரண்ட் வைப்பது’ என்பது. “ஐயா, இதில் யாருக்கு உதவுவது, எதற்கு உதவுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை” என்று செயலாளர் அவர்கள் மனம் திறந்து சொன்னார்கள்.

அந்தக் கேள்வியே இன்று என் உரையின் பொருள். அது உங்களுடைய கேள்வி மட்டுமன்று. கதிர்வீச்சுத் துறையில் பணியாற்றும் ஒவ்வொரு மருத்துவரும் நாள்தோறும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியுமாகும்.

நான் கையொப்பமிட்ட ஒரு தாள்

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், செந்துறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். அறுபது வயதைக் கடந்தவர். நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. நாளின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே கழித்தார், உணவு செல்லவில்லை. “எதையாவது செய்யுங்கள், சார், செலவைப் பற்றிக் கவலையில்லை” என்றார் மகன். பத்து அமர்வுகள் கதிர்வீச்சு எனத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன். தோப்பின் ஒரு பகுதியை அடகு வைத்துவிட்டு, மருத்துவமனைக்கு அருகே அறை எடுத்துத் தங்கினார்கள். ஒவ்வொரு மாலையும், “வீட்டுக்குப் போகலாமா?” என்று அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஏழாம் நாள் காலையில் அந்த வாடகை அறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அன்று இயந்திரம் பழுதாகவில்லை, கணக்கும் தவறவில்லை. நாங்கள் கொடுத்த அளவும் நூல்களில் உள்ளதுதான். தவறியது தேர்வு. அந்தச் சிகிச்சை அவருக்கு உரியதன்று என்பதைச் சொல்லும் துணிவு எனக்கு அன்று இல்லை. அந்தத் துணிவு எந்த அறிவின் மேல் நிற்க வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நம் பகுதியில் நோய் வரும் விதம்

பெரம்பலூர் மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்திற்கும் பெயர் பெற்ற மண். அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. “டாக்டர், சிமெண்ட் தூசியால்தானே இந்த நோய்?” என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. கல்லை உடைக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்துள்ளது. எனவே முகக் கவசமும் தண்ணீர் தெளிப்பும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதற்காரணம் பீடியும் சிகரெட்டுமே. புகையே பிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. விறகடுப்புப் புகையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

நோய் நம்மிடம் காலங்கடந்தே வந்து சேர்கிறது. இருமல், சளியில் இரத்தம், எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவை காசநோய்க்கும் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கும் உண்டு. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். காசநோய் மிகுந்த நம் நாட்டில், சளிச் சோதனையில் கிருமி தெரியாத நிலையிலும் காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு, மாதங்கள் சில கழிந்த பின்னரே உண்மை வெளிப்படுவது பல இடங்களில் நிகழ்கிறது. நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்குக் காசநோய் மருந்து ஆறு வாரங்கள் சென்றும் குணம் தெரியவில்லையெனில், சி.டி. ஸ்கேனும் திசுச் சோதனையும் செய்ய வேண்டும் என்று நாமே கேட்க வேண்டும். 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்கள் நம் பகுதியிலேயே இருக்கும்போது இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

முதல் வாயில்: ‘முற்றியது’ என்றால் என்ன?

‘முற்றிவிட்டது’ என்ற சொல்லை நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல்லுக்குள் இரு வேறு நிலைகள் அடங்கியுள்ளன. அவ்விரண்டையும் பிரித்தறிவதே தேர்வின் முதல் வாயில்.

நோய் மார்புக்குள்ளேயே பெருகி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளைப் பற்றியிருப்பது மூன்றாம் நிலை. எலும்பு, மூளை, கல்லீரல், மற்றொரு நுரையீரல் என வேறிடங்களுக்குப் பரவியிருப்பது நான்காம் நிலை. மூன்றாம் நிலையில் உள்ளவர்களுள் பலருக்கு அறுவை செய்ய இயலாது. ஆயினும் உடல் தாங்குமெனில், வேதிச் சிகிச்சையோடு சேர்த்து ஏறத்தாழ ஆறு வாரங்கள், 30 அமர்வுகளில் 60 கிரே அளவு கதிர்வீச்சு தருகிறோம். இது குணப்படுத்தும் நோக்கோடு தரப்படும் சிகிச்சை. 2017-இல் முதல் முடிவுகள் வெளியான ‘பசிபிக்’ என்னும் பன்னாட்டு ஆய்வு, இவ்வாறு சிகிச்சையை முடித்து நோய் வளராதிருந்தவர்களைப் பின்தொடர்ந்தது. கூடுதல் மருந்து பெறாத பிரிவிலேயே மூவரில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். நோயெதிர்ப்பு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் அந்த விகிதம் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்.

ஆகவே, “நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி எதற்குச் செலவு?” என்று மூன்றாம் நிலை நோயாளரை வீட்டுக்கு அழைத்துச் செல்வது பெரும்பிழை. உங்கள் கோப்பில் உள்ள விண்ணப்பங்களுள் இத்தகையவர் ஒருவர் இருந்தாலும், அவருக்கே முதலிடம் தர வேண்டும். அந்த ஆறு வாரங்கள் தடையின்றி நிகழ்வது இன்றியமையாதது. பேருந்துக்குப் பணமில்லை என்று இடையில் நின்றுபோனால், கிடைக்க வேண்டிய பயன் குறைந்துவிடும்.

நான்காம் நிலையில் கதிர்வீச்சின் நோக்கம் வேறு. அங்கே ஒரு குறிப்பிட்ட துன்பத்தைத் தணிப்பதே அதன் பணி. “நோய் இருக்கிறது, ஆகவே கரண்ட் வைப்போம்” என்பது அங்குப் பொருந்தாது. “இன்ன துன்பம் இருக்கிறது, அதைக் கதிர்வீச்சு தணிக்கும்” என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அது பொருந்தும்.

இரண்டாம் வாயில்: உடலின் திறன்

அடுத்து, நோயாளரின் உடல் எந்த நிலையில் உள்ளது என்பதைக் காண்கிறோம். இதற்கென மருத்துவ உலகில் அளவுகோல்கள் உண்டு. அவற்றுள் பழமையானது கர்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்குவது. அவரும் உடன் பணியாற்றியோரும் 1948-இல், நுரையீரல் புற்றுநோயர்க்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, கட்டி சுருங்கியதா என்பதோடு நிற்காமல், “இவரால் இப்போது என்ன செய்ய முடிகிறது?” என்றும் அளந்தார்கள். இந்த நோயிலிருந்தே அந்த அளவுகோல் பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

இன்று நாங்கள் பெரிதும் பயன்படுத்துவது சுழியம் முதல் நான்கு வரையிலான எளிய அளவுகோல். நம் ஊர் வழக்கில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். முன்போல் காட்டு வேலைக்குச் சென்று வருபவர் சுழியம். கடும் வேலை செய்ய முடியாமல், வீட்டு வேலை, கடை வேலை பார்ப்பவர் ஒன்று. வேலை எதுவும் இயலாது, ஆனால் தாமே குளித்து, உண்டு, பகலின் பெரும்பகுதி எழுந்து நடமாடுபவர் இரண்டு. பகலில் பாதிக்கு மேல் கட்டிலில் இருப்பவர் மூன்று. முழுவதும் படுக்கையிலேயே கிடந்து, பிறர் கையையே நம்பியிருப்பவர் நான்கு. இதைக் கணிக்க எந்தக் கருவியும் வேண்டா. “காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அப்பா என்ன செய்கிறார்?” என்று வீட்டாரைக் கேட்டாலே போதும்.

சுழியமும் ஒன்றும் ஆகிய நிலைகளில் இருப்பவர் நீண்ட சிகிச்சையைத் தாங்குவார். அதனால் பயனும் பெறுவார். மூன்றாம் படியில் இருப்பவர்க்குக் குறுகிய சிகிச்சையே தக்கது. நான்காம் படியில் இருப்பவர்க்குப் பெரும்பாலும் பயணமே சிகிச்சையை விடப் பெரிய துன்பமாகிவிடும். வயது மட்டும் தடையாகாது. எழுபத்தைந்து வயதில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சி வருபவரும் உண்டு. ஐம்பதில் எழ முடியாதவரும் உண்டு.

மூன்றாம் வாயில்: கதிர்வீச்சு தணிக்கும் துன்பங்களும் தணிக்காதவையும்

சளியில் இரத்தம் வருதல் கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படும். பத்தில் எட்டுப் பேருக்கு அது குறையும் அல்லது நிற்கும். எலும்பில் பரவியதால் உண்டாகும் வலி பெரும்பான்மையோர்க்குத் தணியும். கட்டி மார்புச் சுவரை அழுத்துவதால் எழும் வலியும் குறையும். தலைக்கும் கைகளுக்கும் சென்ற இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருநரம்பைக் கட்டி நெருக்கி, முகமும் கழுத்தும் வீங்குவதற்கும் இது உதவும். இருமலும் மூச்சிரைப்பும் சிலருக்குக் குறையும். ஆயினும் அவை இரத்தம் அளவுக்குக் கட்டுப்படுவதில்லை.

எதற்கு உதவாது? நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால், அதை ஊசி அல்லது குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். கதிர்வீச்சு அதைத் தீர்க்காது. நுரையீரல் முழுவதும் நோய் தூவினாற்போல் பரவியதால் வரும் மூச்சிரைப்பையும், உடல் மெலிவையும், பசியின்மையையும், சோர்வையும் அது தீர்க்காது. சோர்வைச் சில நாட்களுக்கு அதிகப்படுத்தவும் கூடும். துன்பம் எதுவும் இல்லாத நான்காம் நிலை நோயாளர்க்கு மார்பில் உடனடியாகக் கதிர்வீச்சு தர வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை; அவருக்கு மருந்தே முன்னால் வர வேண்டும். இங்கே மரபணுச் சோதனையைக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டு நுரையீரல் புற்றுநோயருள் கணிசமானவர்களுக்கு, புகைபிடிக்காதவர்களிடம் மேலும் மிகுதியாக, இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணு மாற்றம் காணப்படுகிறது. அவர்களுக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரையே நோயை நெடுநாள் கட்டுக்குள் வைக்கும். அச்சோதனை செய்யாமலே கதிர்வீச்சுக்கு அனுப்புவது வாயிற்படியைக் காணாமல் சுவரில் முட்டுவது போன்றது.

எத்தனை அமர்வுகள்?

அடுத்து வருவது, உங்கள் அறக்கட்டளையின் பணத்தோடும் நோயாளரின் எஞ்சிய நாட்களோடும் நேரடியாகத் தொடர்புடைய கேள்வி. தணிக்கும் சிகிச்சை எத்தனை நாள் நடக்க வேண்டும்?

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 369 நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக இரண்டே அமர்வுகளில் 17 கிரேயும், மற்றப் பிரிவுக்கு ஆறு அல்லது பத்து அமர்வுகளில் கூடுதல் அளவும் தந்தார்கள். துன்பம் தணிந்த அளவிலும் வாழ்நாளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு, உடல் தளர்ந்த 235 பேரிடம், ஒரே அமர்வில் 10 கிரேயும் இரண்டு அமர்வுகளில் 17 கிரேயும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கும் ஒரே அமர்வு பின்தங்கவில்லை. எலும்பு வலிக்கு ஒரே அமர்வில் 8 கிரே தருவது, பல அமர்வுகளுக்கு இணையாக வலியைத் தணிக்கும் என்பதும் பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. சிலருக்கு மட்டும் பின்னர் மீண்டும் ஒருமுறை தர வேண்டியிருக்கும்.

இதைக் கேட்டவுடன், “அப்படியானால் எல்லோருக்கும் ஒன்றிரண்டு அமர்வு போதுமே” என்று முடிவு கட்டிவிட வேண்டா. அதே குழு 1996-இல், உடல் நல்ல நிலையிலிருந்த நோயாளர்களிடம் 13 அமர்வுகளையும் இரண்டு அமர்வுகளையும் ஒப்பிட்டது. இரண்டு அமர்வு பெற்றவர்களுக்குத் துன்பம் விரைவாகத் தணிந்தது. ஆனால் 13 அமர்வு பெற்றவர்கள் இடைக்கணக்கில் 7 மாதத்துக்கு மாறாக 9 மாதம் வாழ்ந்தார்கள். இரண்டு மாதம் என்பது சிறிய காலமன்று. எனவே, வலிமை உள்ளவர்க்கு நீண்டதும், தளர்ந்தவர்க்குக் குறுகியதும் எனப் பகுத்துத் தர வேண்டும். தேர்வு என்பது மறுப்பதற்கான சூழ்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. கூடுதலாகத் தர வேண்டியவரைக் கண்டறிவதும் அதன் பணியே.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். சளியில் இரத்தம் வருகிறது என்ற அச்சத்திலேயே உறங்காமல் இருந்தவர். லாரியை விட்டுவிட்டு மைத்துனரின் தேநீர்க் கடையில் கணக்குப் பார்த்து வந்தார். வாரம் ஒன்றாக இரண்டு அமர்வுகள் தந்தோம். காலையில் இரயிலேறி வந்து மாலையில் திரும்பினார். இரத்தம் நின்றது. அதன்பின் ஐந்து மாதங்கள் அதே கடையில் கல்லாவில் அமர்ந்திருந்தார். அவரை நாங்கள் பத்து நாள் வெளியூரில் தங்க வைத்திருந்தால், அதே பயனுக்கு அவருடைய எட்டு நாட்களை வீணே பறித்திருப்போம்.

காலம் என்னும் கணக்கு

எலும்பு வலிக்குத் தந்த கதிர்வீச்சின் முழுப்பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதைப் பலர் அறிவதில்லை. எஞ்சியிருப்பது சில வாரங்களே எனில், பயன் வந்து சேருமுன் பயனைப் பெறுபவர் இருக்கமாட்டார். அத்தகையவர்க்கு வலி மருந்தே விரைவானது.

மூளைக்குப் பரவியவர்கள் பற்றிய ஓர் ஆய்வு என் மனத்தை மாற்றியது. ‘குவார்ட்ஸ்’ என்று பெயரிய அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அறுவையோ நுண்குறிக் கதிர்வீச்சோ செய்ய இயலாத 538 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவுக்கு மூளை முழுவதற்கும் ஐந்து அமர்வுகள் கதிர்வீச்சும், ஸ்டீராய்டு மருந்தும், ஆதரவுப் பராமரிப்பும் தரப்பட்டன. மற்றப் பிரிவுக்குக் கதிர்வீச்சின்றி மருந்தும் பராமரிப்பும் மட்டும். முன்னவர் இடைக்கணக்கில் 9.2 வாரமும் பின்னவர் 8.5 வாரமும் வாழ்ந்தனர். வாழ்ந்த நாட்களின் தரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இளையவர்களுக்கும் மார்பிலுள்ள நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் பயன் இருக்கலாம். எனவே எவர்க்கும் தேவையில்லை என்று இதற்குப் பொருளாகாது. ஆயினும், என் முந்திரித் தோப்புப் பெரியவரைப் போல் எழ முடியாதவர்க்கு வீட்டிலேயே தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் அன்பான பராமரிப்பும் போதுமானவை என்பதை இந்த ஆய்வு எனக்குத் தெளிவாக்கியது.

காலக் கணக்கு மறுபுறமும் வெட்டும். முதுகெலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தும் நிலையில் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. வேப்பந்தட்டைப் பக்கத்து அம்மையார் ஒருவர், வாழ்நாளில் புகையிலையைத் தொடாதவர். விறகடுப்பில் சமைத்தே காலம் கழித்தவர். அவருக்கு மூன்று வாரமாக நடுமுதுகில் வலி. தைலம் தேய்த்தார்கள், ஊசி போட்டார்கள். கால்கள் தளர்ந்தன, பின் சிறுநீர் நின்றது. எங்களிடம் வந்தபோது நடை போய் மூன்று நாள் ஆகியிருந்தது. கதிர்வீச்சால் வலி தீர்ந்தது, நடை திரும்பவில்லை. கால் தளரத் தொடங்கிய அன்றே வந்திருந்தால், அவர் தம் கடைசி மாதங்களைத் தம் காலில் நின்றே கழித்திருக்கக் கூடும். நுரையீரல் புற்றுநோயர்க்குப் புதிதாக முதுகுவலியும் கால் தளர்ச்சியும் வந்தால் அது அவசரம். இரவானாலும் வண்டி பிடியுங்கள். முகமும் கழுத்தும் திடீரென வீங்கி மூச்சுத் திணறினாலும், இரத்தம் கொட்டினாலும் அப்படியே.

நான்காம் வாயில்: நோயாளரின் விருப்பம்

மருத்துவ அளவுகோல்கள் அனைத்தையும் சொல்லிவிட்டேன். இவற்றையெல்லாம் விடப் பெரிதான ஒன்று எஞ்சியுள்ளது. அது நோயாளரின் சொந்த விருப்பம். நம் குடும்பங்களில், “அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று பிள்ளைகள் அறைக்கு வெளியே நின்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அன்பினால் எழும் வேண்டுகோள் அது. ஆனால் அதன் விளைவு என்ன? எஞ்சிய நாட்கள் யாருடையனவோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் சேர்ந்து அந்நாட்களைச் செலவிடுகிறோம். அந்தப் பெரியவர் ஒவ்வொரு மாலையும், “வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டாரே, அதுவே அவருடைய விடை. கேட்கும் செவிதான் எங்களிடம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. “உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? எது உங்களுக்கு முக்கியம்?” என்று மென்மையாகக் கேட்டுத் தொடங்கலாம்.

கதிர்வீச்சு வேண்டா என்று முடிவெடுப்பது கைவிடுதல் ஆகாது. அங்கே வேறொரு மருத்துவம் தொடங்குகிறது. வாய்வழி மார்ஃபின் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் சிறந்த மருந்து. உரிய அளவில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற அச்சம் தேவையற்றது. 2014-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் அதைப் பெறுவதிலிருந்த பல தடைகளை நீக்கியது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் வலி தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். இவ்வகைப் பராமரிப்பு வாழ்நாளைக் குறைக்கும் என எண்ணுவோர் உளர். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயர் 151 பேரில், தொடக்கத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு வலி தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்கள் இடைக்கணக்கில் 11.6 மாதமும், பெறாதவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தனர். முன்னவருக்கு மனத் தளர்ச்சியும் குறைவு.

அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள்

இனி, உங்கள் கோப்புக்கு வருகிறேன். ‘கரண்ட் வைக்க’ உதவி கேட்டு ஒருவர் வந்தால், பின்வரும் ஐந்து கேள்விகளுக்கு மருத்துவரிடம் விடை பெற்று வரச் சொல்லுங்கள்; வீட்டாரும் தயங்காமல் கேட்கலாம்.

ஒன்று: இச்சிகிச்சை குணப்படுத்தவா, துன்பம் தணிக்கவா?

இரண்டு: துன்பம் தணிக்க எனில், எந்தத் துன்பத்தை?

மூன்று: எத்தனை அமர்வுகள்? இதைவிடக் குறைந்த அமர்வுகளில் அதே பயன் கிட்டுமா?

நான்கு: பயன் தெரிய எத்தனை நாளாகும்? அதுவரை தாங்கும் நிலையில் உடல் உள்ளதா?

ஐந்து: செய்யாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு மாற்று என்ன?

நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விகளால் மனம் வருந்தமாட்டார். எனக்கு அன்று அந்த மகன் இவற்றைக் கேட்டிருந்தால், நான் பேனாவைக் கீழே வைத்திருப்பேன்.

உங்கள் பொருளுதவி எங்கே மிகுதியாகப் பயன்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சிகிச்சைக் கட்டணம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். அரசு மருத்துவமனைகளும் உள்ளன. அத்திட்டங்கள் தொடாதவை வேறு சில. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ நாள்தோறும் சென்று வரும் செலவு, உடன் வருபவர் இழக்கும் கூலி, தங்குமிடம், உணவு, மரபணுச் சோதனை, நள்ளிரவில் அவசரமாகப் பிடிக்க வேண்டிய வண்டி ஆகியவை அவை. புற்றுநோயருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அரியலூர் மக்களுக்கு இரயில் வழி உள்ளது. பெரம்பலூருக்கு இரயில் நிலையம் இல்லாமையால், அங்குள்ளோர்க்குப் பேருந்தும் வாடகை வண்டியுமே கதி. ஒரு வண்டியும், ஓட்டுநர் ஒருவரும், எப்போதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால், எந்த இயந்திரத்துக்கும் குறையாத பணியை அவை செய்யும்.

ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றும் மரபினர் நீங்கள். மருந்து தருவது தானமெனில், எந்த மருந்து யாருக்கு உரியது என்று ஆராய்ந்து தருவது அத்தானத்தின் ஒரு பகுதியே. மூன்றாம் நிலையிலுள்ள ஓர் உழவரை ஆறு வாரங்கள் இடைவிடாமல் சிகிச்சைக்கு அனுப்பிவைப்பதும் தானம். எழ இயலாத ஒரு முதியவரை அவருடைய வீட்டுத் திண்ணையிலேயே வலியின்றிப் படுத்திருக்கச் செய்வதும் தானம்.

இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். நான் இதுவரை கூறிய வாயில்கள் எதற்கும் நம் வீட்டார் வந்து நிற்க வேண்டிய தேவை எழாதிருக்க, இன்றே புகையை விடுங்கள். விட்டவர்க்குத் துணை நில்லுங்கள்.